காது பொரிந்த பாவடித் தெரு

குமாரபாளையத்துப் பாவடித் தெருவில் மனிதர்களின் காது பொரியத் தொடங்கிய அன்று காலையில், பாவாயி அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்துவிட்டுக் கடுகு டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள், டப்பா கைக்குக் கிடைப்பதற்கு முன்பே கடுகு பொரியும் சத்தம் கேட்டது. சட்டியை எட்டிப் பார்த்தாள். எண்ணெய் குளம் மாதிரி சும்மா கிடந்தது. வாசலில் கீரைக்காரி கூவியபோது படபடவென்று பொரிந்தது, கீரைக்காரி அடுத்த வீட்டுக்கு நகர்ந்ததும் அடங்கியது, அவள் அங்கிருந்து முருங்கைக்கீரை என்று குரல் கொடுத்ததும் மறுபடி இரண்டு பொரி பொரிந்து நின்றது. முந்தானையைச் சுருட்டி வலது காதில் அமுக்கிப் பிடித்த பிறகுதான் சத்தம் அடுப்பிலிருந்து வரவில்லை, தன் காதிலிருந்துதான் வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. போன சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் விட்டதால் வந்த சூடு என்று முதலில் நினைத்தாள், காதுக்குள் எறும்பு குடும்பம் நடத்துகிறது என்று அப்புறம் நினைத்தாள், மாடியில் குடியிருக்கும் பெண்ணின் வேலை என்று கடைசியாக நினைத்தாள், மூன்றையும் ஒரே நேரத்தில் நம்பிக்கொண்டு, முன்ஜாக்கிரதையாக அடுப்பையும் அணைத்தாள்.

மாடிப் பெண்ணின் பெயர் பெனிலா. நாகர்கோவில் பக்கத்துப் பெண். பேச்சிலேயே தெரிந்துவிடும், வந்த புதிதில் அவள் ஒரு தேங்காய் கேட்டதைப் புரிந்துகொள்ளப் பாவாயிக்கு அரை நாள் ஆனது. எங்கோ ஓர் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு கம்ப்யூட்டரும் ஒரு ஸ்பீக்கரும் நிறைய ஒயர்களும் கொண்டுவந்து மாடி அறையில் பரப்பி வைத்திருந்தாள். அவள் என்ன செய்கிறாள் என்று தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் பாவாயி சொல்லிச் சொல்லி, கடைசியில் அது பாவாயியின் ஆராய்ச்சி மாதிரியே ஆகிவிட்டது. மண்டைக்குள் கேட்பதற்கென்றே நரம்பணுக்கள் இருக்கின்றனவாம், சத்தம் வந்தால் அவை பட் பட் என்று பொரியுமாம், எந்தச் சத்தத்துக்கு எப்படிப் பொரியும் என்பதை இந்தப் பெண் ஒரு கணக்காகப் போட்டுக் கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய் நரம்பணு செய்து வைத்திருக்கிறாளாம், சத்தத்தைக் கொடுத்தால் அந்தப் பொய் நரம்பணு ஸ்பீக்கர் வழியாகப் பொரியுமாம். இதுவரைக்கும் படித்தவர்கள் எல்லாம் வெறும் விசில் சத்தத்தைக் கொடுத்தே கணக்குப் போட்டார்கள், விசிலுக்குக் கணக்கு அச்சுப் பிசகாமல் வந்தது, ஆனால் காக்காய் கரைவதைக் கொடுத்தால், ஆடு கத்துவதைக் கொடுத்தால், குடத்தில் தண்ணீர் விழுவதைக் கொடுத்தால், நிஜ நரம்பணு ஒரு பக்கமும் கணக்கு ஒரு பக்கமும் போகிறதாம். உலகத்தில் யார் விசிலுக்கு நடுவில் குடித்தனம் நடத்துகிறார்கள்? அதனால்தான் சத்தம் அதிகமாக இருக்கும் ஊராகத் தேடி இங்கே வந்திருக்கிறாள்.

அதில் அவள் ஏமாறவில்லை. பாவடித் தெருவில் வீட்டுக்கு நாலு விசைத்தறி, ஆறு விசைத்தறி. பகலும் இரவும் டக்கடி டக்கடியென்று அடிக்கும் அந்தச் சத்தத்தில்தான் அங்கே குழந்தைகள் பிறந்தன, தூங்கின, பல் முளைத்தன, கல்யாணம் ஆகிப் போயின. யாரும் அதைச் சத்தம் என்று நினைத்ததில்லை. கரண்ட் போனால் மட்டும் தெருவே திடுக்கிட்டு எழும். தொட்டிலில் குழந்தை வீரிடும், நாய் எழுந்து நின்று ஊரைச் சுற்றிப் பார்க்கும், தூங்குகிறவர்கள் யாரோ தட்டி எழுப்பியதைப் போல உட்கார்ந்து யார் அது என்பார்கள்.

காது பொரியத் தொடங்கிய அன்று தெரு முழுக்கப் பெனிலாவின் படிக்கட்டில் வந்து நின்றது. அவள் ஒயரைக் காட்டினாள், பிளக்கைக் காட்டினாள், பெட்டியை இன்னும் போடவே இல்லை என்று அந்தோணியார் மேல் சத்தியம் செய்தாள். அவளுடைய காதும் பொரிந்துகொண்டுதான் இருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து அழுக்கு என்று சொல்லிச் சொட்டு மருந்து எழுதினார், எழுதும்போதே கம்பவுண்டர் டீ கொண்டுவந்தார், டாக்டரின் காதும் பொரிந்தது, அவர் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு டீயைக் குடித்தார். வார்டு கவுன்சிலர் வந்து சாக்கடை அடைப்புதான் காரணம் என்றார். அவர் பேசி முடிக்கும் வரை கூட்டத்தில் ஒரு காதும் பொரியவில்லை, எங்கோ பின்னால் ஒரு பிளாஸ்டிக் குடம் உருண்டது, எல்லாக் காதும் பொரிந்தன, தண்ணி லாரி என்று ஒரு குரல் எழுந்ததும் கூட்டம் கலைந்தது. அத்தோடு காரணம் தேடுவதும் முடிந்தது. வேலை கிடக்கிறது, காது பொரிந்தால் பொரிந்துவிட்டுப் போகட்டும்.

வேலையோடு வேலையாகத் தெரு அதையும் பழகிக்கொண்டது. ஒட்டுக்கேட்பது என்பது இல்லாமல் போனது, கதவுக்குப் பின்னால் நிற்பவர்களின் காது கதவைவிடச் சத்தமாகப் பொரிந்தது. ஒரு வாரம் புறணி இல்லாமல் வாடிப்போன பெண்கள், அடுத்த வாரத்திலிருந்து யார் யாருடைய காது எங்கெங்கே நின்று பொரிந்தது என்று பேசிப் பழையபடி தெம்பானார்கள். டெய்லர் பஞ்சு வைத்துக் காதுக்குல்லா தைத்தார், அதைப் போட்டவன் எதையோ மறைக்கிறான் என்று பேச்சு வந்ததும் ஒருவரும் போடவில்லை, குல்லாயெல்லாம் கன்றுக்குட்டிகளுக்குப் போனது. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பாடச் சொல்வதை விட்டுவிட்டு மாப்பிள்ளையைப் பேசச் சொல்லிப் பெண்ணின் காதைக் கவனித்தார்கள். மேற்குக் கோடி வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தன் படிப்பைச் சொன்னபோது ஒன்றும் இல்லை, வேலையைச் சொன்னபோது ஒன்றும் இல்லை, யாரோ முறுக்கைக் கடித்தபோது வாணலியே வெடித்தது மாதிரி பொரிந்தது, மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்தச் சிரிப்புக்கு ஒரு பொரி பொரிந்தது, அதுவே போதும் என்று நிச்சயம் செய்துவிட்டார்கள். மாரியம்மன் கோயிலில் சொற்பொழிவுக்கு வந்த பெரியவர்தான் பாவம். அம்மனின் பெருமையை அவர் தொண்டை வற்றச் சொல்லியும் நிறைந்த மண்டபத்தில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி, வெளியே சுண்டல் அண்டாவில் கரண்டி பட்டதும் மண்டபம் முழுக்கப் படபடவென்று பொரிந்து அடங்க நேரமானது. மறுநாள் அவர் அண்டாவைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு முக்கியமான இடங்களில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினார், அதற்குப் பிறகு அவருக்கு எந்தக் குறையும் இல்லை.

கரண்ட் போகும்போது மட்டும் தெருவில் இருந்த எல்லாக் காதும் ஒன்றாகச் சேர்ந்து, சரவெடியைப் பற்றவைத்த மாதிரி பொரியும். நாள் முழுக்கத் தறிச் சத்தத்தைத் தாங்கிய அலுப்பில் காது நெட்டி முறிக்கிறது என்று தெரு முடிவு செய்து வைத்திருந்தது. பெனிலாவும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்துக்கொள்ள முடியவும் இல்லை, கரண்ட் போனால் அவளுடைய பெட்டியும் அல்லவா அணைந்துவிடும்.

இதெல்லாம் ஊர்க்கதை. பாவாயியின் வீட்டுக்குள் நடந்தது வேறு.

பாவாயியின் புருஷன் அர்த்தனாரி வாயைத் திறக்காத மனிதர். வார்த்தைக்கு வரி போட்டிருக்கிறார்கள் என்று யாரோ அவரிடம் சின்ன வயதில் பொய் சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் சேர்த்துப் பாவாயி பேசினாள். வீட்டை ஒட்டிய தறிக்கூடத்தில் அவர் நாலு தறி ஓட்ட, அவள் கதவோரம் உட்கார்ந்து, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூல்தார் சுற்றிக்கொண்டே பேசுவாள். காலையில் கண் விழிக்கும்போது பாதி வாக்கியத்தில் விழிப்பாள், தூக்கத்திலும் மோட்டாரை அணைத்தாச்சா என்று முனகுவாள், கடைக்குப் போகும்போதும் பேசிக்கொண்டே வாசலைத் தாண்டி, பேசிக்கொண்டே தெருமுனை திரும்பி, குரல் பஸ் போவது மாதிரி தேய்ந்து தேய்ந்து மறையும், திரும்பும்போது அதே மாதிரி தூரத்திலிருந்து வளர்ந்து வரும். மழை வந்தால் மாடித் துணி, வெயில் வந்தால் வடகம், ரேஷன், கேஸ், தங்கச்சி மகளின் பிரசவம், தாழ்ப்பாள் ஆடுவது, எல்லாவற்றுக்கும் கவலைப்பட ஆள் வேண்டுமே. அவர் ம் என்றுகூடச் சொல்ல மாட்டார். தாழ்ப்பாள் ஆடுகிறது என்று அவள் புலம்பினால் மறுநாள் தாழ்ப்பாள் ஆடாது, தாழ்ப்பாளுக்கே புத்தி வந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொள்வாள். முழங்கால் வலி என்று சொன்ன வாரத்தில் தைலப் பாட்டில் அலமாரியில் முளைத்திருக்கும், எப்போதோ தான் வாங்கி வைத்து மறந்துவிட்டதாக எண்ணித் தேய்த்துக்கொள்வாள்.

அவருடைய காது டீ கிளாசுக்குப் பொரிந்தது. காக்காய்க்குப் பொரிந்தது. பக்கத்து வீட்டு மொபெட்டுக்கும், நூல் அறுந்தால் தறி போடும் சின்ன முக்கலுக்கும் பொரிந்தது. பாவாயிக்குப் பொரியவில்லை.

அவள் அதைக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த வீட்டு ராசாமணி கண்டுபிடித்துவிட்டாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரொம்ப அனுதாபமாக, "ஏனக்கா, என்ற ஊட்டுக்காரருக்கு நான் வாயத் தொறந்தாலே காதுல தீவாளிதான். அண்ணனுக்கு மட்டும் ஏன் இப்படி ஊமையாக் கெடக்குது?" என்றாள்.

"உன்ற ஊட்டுக்காரருக்கு அது பயத்துல பொரியுது" என்று பாவாயி சொல்லிவிட்டாளே தவிர, அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. புருஷனைச் சோதித்தாள். மழை வருது என்றாள். மோட்டாரில் புகை வருது என்றாள். தறியின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, நான் செத்துப்போயிட்டேன் என்றாள். அவர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்து, செத்தவள் நின்றுகொண்டிருப்பதைத் தெரிந்துகொண்டு, குனிந்துகொண்டார். காது கல் மாதிரி கிடந்தது. கல்யாணமான நாளிலிருந்து பேசிய அத்தனையும் எங்கே போயிருக்கும் என்று அவள் யோசித்தாள். கிணற்றில் போட்டிருந்தால்கூட எதிரொலி வந்திருக்கும்.

கடைசியில் மாடிப்படி ஏறிப் பெனிலாவிடமே கேட்டாள், கண்ணு, உன்ற கணக்கு என்னதான் சொல்லுது என்று. பெனிலாவுக்கு அப்படி ஒரு சோதனை செய்ய வெகுநாளாக ஆசை. மறுநாள் மத்தியானம் அர்த்தனாரியைத் திருநீறு பூசி மணையில் உட்கார வைப்பதைப் போல நாற்காலியில் உட்காரவைத்து, அவர் காதோரம் ஒரு மைக்கைக் கட்டி, எதிரே ஸ்பீக்கரை வைத்தாள். ஜன்னலில் ராசாமணியும் இன்னும் சில பெண்களும். விசில் சத்தம் கொடுத்தாள், ஒன்றுமில்லை. காக்காய் கொடுத்தாள், பொரிந்தது. டீ கிளாசில் ஸ்பூன், நன்றாகப் பொரிந்தது. ஆடு கத்துவதைக் கொடுத்தபோது கைநிறையக் கடுகை அள்ளிப் போட்டது மாதிரி பொரிந்து, அர்த்தனாரிக்கே கூச்சமாகிவிட்டது. பிறகு பாவாயியின் குரல். முந்தின நாள் பதிந்தது, வடகத்தைக் காக்காய் தூக்கிய கதை. கம்ப்யூட்டருக்குள் இருந்த பொய் நரம்பணு சந்தோஷமாகப் பொரிந்து தள்ளியது. நிஜக் காது அசையவில்லை. பதிவு முடிந்தது, ஆனால் அதற்குள் நிஜப் பாவாயி ஆரம்பித்திருந்தாள், ஆட்டுக்குப் பொரியுதே, ஆடா இந்த மனுசனுக்குச் சோறு போட்டது, ஆடா அம்மை போட்டபோது வேப்பிலையை வெச்சு விசிறுச்சு என்று. ஜன்னலில் காதுகள் ஆளுக்கு ஆள் பொரிந்தன. நாற்காலியில் இருந்த காது மட்டும் பொரியவில்லை.

பெனிலாவின் முகம் தொங்கிப்போனது. "எங் கணக்குலதான் தப்பு இருக்கும் அக்கா. அண்ணன் மேல ஒண்ணும் இல்ல."

"உன்ற கணக்கு சரியாத்தான் சொல்லுது கண்ணு, பொரியோணும்னு" என்றாள் பாவாயி. "நானும் அதைத்தான சொல்றேன்."

அன்று சாயங்காலமே அவள் முடிவு செய்துவிட்டாள். எடப்பாடியில் தங்கச்சி வெகுநாளாகக் கூப்பிடுகிறாள், மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள், வந்து கூடவே இருந்துவிடு என்று. அங்கே போய்விடுவது, திரும்புவதில்லை. பச்சைக்குழந்தையின் காதாவது பொரியும். மறுநாள் ஒயர்க் கூடையில் சேலைகளை அடுக்கிக்கொண்டே அவள் கூடையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மத்தியான பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பாதித் தாரை அப்படியே விட்டுவிட்டு வாசற்படி இறங்கினால் வீட்டுக்கு ஆகாது என்பது தறிக்காரர்கள் நம்பிக்கை, அதனால் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசித் தாரைச் சுற்ற உட்கார்ந்தாள். கை சுற்றியது, வாய் தானாகப் பேசியது. தங்கச்சியின் மூக்குத்தி தொலைந்த கதை. வீட்டை இரண்டாகப் பிரித்துத் தேடியது, அரிசியைக் கொட்டித் தேடியது, வேலைக்காரியைச் சந்தேகப்பட்டது, அவள் கோவித்துக்கொண்டு போனது, அவளைச் சமாதானம் செய்யச் சேலை எடுத்துக் கொடுத்தது. நாலு தறியும் டக்கடி டக்கடியென்று அடிக்க, அர்த்தனாரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"கடைசியில பாத்தா, அந்த மூக்குத்தி எங்க இருந்துச்சுன்னா..." என்று சொல்லும்போது அவள் அவருடைய காதைப் பார்த்தாள். ஒரு பொரிகூட இல்லை. யாருக்காகச் சொல்கிறோம் என்று தோன்றியது. பிறந்ததிலிருந்து அவளுக்குத் தோன்றாத ஒன்று அது. பாவாயி வாயை மூடினாள்.

அர்த்தனாரியின் இரண்டு காதும் வெடித்தன. கடுகு இல்லை, சோளப்பொரி இல்லை, பண்டிகைக்குக் கடை முதலாளி வாசலில் கொளுத்தும் ஆளுயரச் சரம். நாலு தறிச் சத்தத்தையும் அமுக்கிக்கொண்டு அது பொரிந்தது, தெருவில் போன சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்றார், மாடியில் பெனிலா கதவைத் திறந்தாள், ராசாமணி கரண்டியோடு ஓடிவந்தாள். அர்த்தனாரி தறியை விட்டுப் பாய்ந்து மெயின் சுவிட்சைத் தொட்டுப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், வாசலுக்கு வந்து கையை நெற்றியில் வைத்துக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

"கரண்டு போயிருச்சு" என்றார்.

தெரு அவரைப் பார்த்தது. அவருக்குப் பின்னால் நாலு தறியும் நெய்துகொண்டிருந்தன.

"அண்ணா" என்றாள் ராசாமணி மெதுவாக. "தறி ஓடுதுங்களே."

அவர் திரும்பிப் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவருடைய காது இன்னும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொரிந்துகொண்டிருந்தது. பாவம், ஒன்றும் புரியாமல் கூட்டத்தைப் பார்த்து, "பின்ன என்ன நின்னுது?" என்று கேட்டார்.

படிக்கட்டின் நடுவில் பெனிலா அப்படியே உட்கார்ந்து நெற்றியில் அடித்துக்கொண்டாள். சத்தம் வரும்போது பொரியும் நரம்பணு ஒன்று, ஓயாமல் கேட்ட சத்தம் நிற்கும்போது பொரியும் அணு இன்னொன்று, இந்தத் தெருவின் ஒவ்வொரு காதும் கரண்ட் போகிற ஒவ்வொரு முறையும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, அவளுடைய பெட்டிதான் சரியாக அந்த நேரம் பார்த்து அணைந்துவிடும். கணக்கில் பாதியை மின்சார வாரியம் தின்றுவிட்டது என்று அவள் பிற்பாடு தன் ஆராய்ச்சிக்கூடத்தில் சொன்னபோது அங்கே யாரும் நம்பவில்லையாம்.

அர்த்தனாரி உள்ளே வந்தார். கதவோரம் பாவாயி தாரை மடியில் வைத்துக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் ஒயர்க் கூடையைப் பார்த்தார். அதிலிருந்த சேலைகளைப் பார்த்தார். மூடியிருந்த அவள் வாயைப் பார்த்தார், கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறவர் மாதிரி குனிந்து பார்த்தார்.

"எங்க இருந்துச்சு?" என்றார்.

"எது?"

"அந்த மூக்குத்தி."

அப்போது பாவாயியின் காது பொரிந்தது. வலது காதில் ஒன்று, கொஞ்ச நேரம் கழித்து இடது காதில் ஒன்று. வாசலில் இருந்தவர்கள் எல்லோருக்கும் அது கேட்டது.

"கேட்டுட்டுத்தான் இருந்தீங்களா?" என்றாள்.

அவர் யோசித்தார். "வேலைக்காரிக்குச் சேலை எடுத்துக் குடுத்தது வரைக்கும் சொன்னே" என்றார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு.

எடப்பாடி பஸ் ஊரைத் தாண்டிப் போய்விட்டது. பாவாயி கூடையைத் தூக்கி உள்ளே வைக்கப் போனாள், கூடையின் கைப்பிடி விட்டுப்போயிருப்பதைப் பார்த்தாள், விட்டுப்போன கைப்பிடியோடு பஸ் ஏறியிருந்தால் நடுவழியில் என்ன ஆகியிருக்கும் என்று தொடங்கி, எடப்பாடி ரோட்டில் கிடக்கும் குழிகளுக்குப் போய், அங்கிருந்து தங்கச்சி மகளின் குழந்தைக்குச் சளி பிடித்திருப்பதற்கு வந்து, அது குணமாகாவிட்டால் என்ன செய்வது என்று பேசிக்கொண்டே போனாள். அர்த்தனாரியின் காதில் கடைசிப் பொரியும் அடங்கியது. அவர் நிம்மதியாகத் தறிக்குத் திரும்பினார்.

ஆடிக்காற்று அடித்தபோது தெருவில் காது பொரிவது வந்த மாதிரியே நின்றுபோனது, அது நின்றதற்கும் யாரும் காரணம் தேடவில்லை. ஆனால் பாவாயி இன்றைக்கும், தினம் ஒரு தடவையாவது, கவலையின் உச்சத்தில் பாதி வாக்கியத்தில் சட்டென்று வாயை மூடிக்கொள்வாள். உள்ளே தறியை விட்டுவிட்டு அர்த்தனாரி வாசலுக்கு வந்து கம்பத்தை அண்ணாந்து பார்ப்பார். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அவள் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். கூடையின் கைப்பிடிக்கு அந்த பஸ் போன மறுநாளே புத்தி வந்துவிட்டது. மூக்குத்தி எங்கே இருந்தது என்பதை மட்டும் அவள் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.